எத்தனை, எவ்வளவு தெரிந்த பிள்ளைக்கு ஏன் இந்தப் பட்டியல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பேப்பரின் மாணவர் பக்கத்தை வெட்டி வைக்கிற ஆட்களில் நானும் ஒருவன். மகள் வருகிற வருடம் சாதாரண தரப் பரீட்சை எடுக்கிறாள், அதனால் எங்கள் வீட்டில் மரண அறிவித்தல் பக்கத்தை அம்மா பார்த்து முடிப்பதற்குள் மாணவர் பக்கம் கத்தரிக்கோலுக்குப் போய்விடும். போன கிழமை அதில் ஆங்கிலத்தில் அளவு சொல்லும் சொற்களைப் பற்றி ஒரு பயிற்சி வந்திருந்தது. 'மெனி' (many), 'மச்' (much), 'ஃபியூ' (few), 'லிற்றில்' (little) போட்டுக் கீறிட்ட இடம் நிரப்ப வேண்டும். மேலே ஒரு சின்னப் பெட்டிக்குள் விதி: எண்ணக்கூடிய பெயருக்கு 'மெனி', எண்ண முடியாத பெயருக்கு 'மச்'. கீழே எண்ண முடியாத பெயர்கள் என்று ஒரு நீளப் பட்டியல். மகளின் ரியூசன் கொப்பியிலும் கிட்டத்தட்ட அதே பட்டியல்தான், முப்பத்தெட்டுச் சொல். பாடமாக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பாடமாக்கினாள். பாடமாக்கிவிட்டு என்னிடம் வந்து, "அப்பா, காசை நாங்கள் எண்ணுறம்தானே? பிறகேன் 'மனி' எண்ண முடியாத பெயர்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போய்த்தான் இந்தக் கடிதம். நான் ஆங்கில ஆசிரியர் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன், ரைப்பிங்கும் செய்து கொடுப்பேன். வேலை விண்ணப்பம், முறைப்பாட்டுக் கடிதம், கல்யாண அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கம் என்று இருபது வருடத்துக்கு மேலாக ஊராரின் ஆங்கிலத்தை அடித்து அடித்து, எங்கள் ஆட்கள் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

மகளிடம் நான் திருப்பிக் கேட்டேன். கடைக்குப் போனால் எத்தனை காசு என்று கேட்பாயா, எவ்வளவு காசு என்று கேட்பாயா? எவ்வளவு காசு. சரி, நோட்டு என்றால்? எத்தனை நோட்டு. அவ்வளவுதான் விஷயம். 'எவ்வளவு' வருகிற இடத்தில் 'மச்', 'எத்தனை' வருகிற இடத்தில் 'மெனி'. அரிசியையும் பொறுமை இருந்தால் எண்ணலாம், ஆனால் எத்தனை அரிசி என்று ஒருவரும் கேட்பதில்லை. 'எண்ண முடியாத' என்று மொழிபெயர்த்த அந்தச் சொல்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். விரல் விட்டு எண்ண முடியுமா என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்தச் சொல் பொருளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறதா, மொத்தமாக அள்ளிக் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. காசு மொத்தம். நோட்டும் நாணயக் குற்றியும் ஒவ்வொன்று. (எத்தனை அழகு, எத்தனை அன்பு என்று பாட்டுக்காரர் பாடுவதைக் காட்டி யாராவது சண்டைக்கு வரலாம். அது பாட்டு, நான் சந்தையைச் சொல்கிறேன்.)

இதே பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் ஆகுபெயர் படிக்கும்போது எண்ணலளவை, எடுத்தலளவை, முகத்தலளவை, நீட்டலளவை என்று நாலு அளவையைப் படிக்கிறார்கள். நாலும் இரண்டும் சொல்லுக்கு உறுதி, இரண்டு கிலோ கொடு, ஐந்து லீற்றர் ஊற்று, மூன்று மீற்றர் கிழி. இந்த நாலில் எண்ணல் ஒரு பக்கம் 'மெனி'யோடு நிற்கிறது, நிறுத்தும் முகந்தும் நீட்டியும் அளக்கிற மற்ற மூன்றும் பெரும்பாலும் 'மச்'சோடு நிற்கின்றன. தமிழ் ரீச்சர் காலையில் படிப்பிக்கிற பாடமும் ஆங்கில ரீச்சர் பின்னேரம் படிப்பிக்கிற பாடமும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொல்வதில்லை. 1841 இலேயே தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே தாளில் அச்சடித்து 'உதயதாரகை' பத்திரிகை வெளிவந்த யாழ்ப்பாணம் இது. ஒன்றைக் காட்டி மற்றதை விளங்கப்படுத்துவது எங்களுக்குப் புதுப் பழக்கமும் இல்லை.

சொற்களும் அப்படியே பொருந்துகின்றன. பல பேர், பல கடை என்போம், பல தண்ணீர் என்று சொல்ல மாட்டோம். சில மாம்பழம் உண்டு, சில சீனி கிடையாது. 'பல'வும் 'சில'வும் எண்ணுகிற சாமானுக்கு மட்டும். 'கனக்க' என்று நாங்கள் சொல்கிற சொல் இருக்கிறதே, அது இரண்டுக்கும் போகும்: கனக்கச் சனம், கனக்கத் தண்ணீர். ஆங்கிலத்தில் 'அ லொட் ஒஃப்' அதே வேலையைத்தான் செய்கிறது, அதனால் சந்தேகம் வந்தால் அதைப் போட்டுவிட்டுப் போகலாம். சொல்லப்போனால் 'ஐ ஹாவ் மச் மனி' என்று எழுதுவது இலக்கணப்படி பிழை இல்லை, ஆனால் ஆங்கிலேயர் அப்படிக் கதைப்பதில்லை. கேள்வியிலும் 'இல்லை' என்று சொல்லும் வசனத்திலும்தான் 'மச்' சாதாரணமாக வருகிறது. 'இருக்கு' என்று சொல்ல 'அ லொட் ஒஃப்'. பட்டியலில் இதை ஒருவரும் எழுதுவதில்லை, எங்கள் பிள்ளைகள் எழுதுகிற கட்டுரைகளில் வரிக்கு வரி 'மச்'.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒடியற் கூழ், காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. அம்மம்மா அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்க, நான் மகளை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். ஒடியல் மா எவ்வளவு? 'ஹவ் மச்'. நண்டு எத்தனை? 'ஹவ் மெனி'. புளி, உப்பு எவ்வளவு? 'மச்'. பலாக்கொட்டை எத்தனை? 'மெனி'. செத்தல் மிளகாய் எத்தனை? 'மெனி'. அதையே இடித்துத் தூளாக்கினால்? ஒரு கணம் யோசித்தாள், 'மச்' என்றாள். கூழ் கொதித்து இறங்கியதும் அம்மம்மா பனையோலையில் மடித்த பிளாவை எடுத்து வைத்து, "எத்தினை பிளா வேணும் உனக்கு?" என்று கேட்டா. கூழை எண்ண முடியாது, பிளாவுக்குள் விட்டுவிட்டால் எண்ணலாம். ஆங்கிலத்தில் கப், கிளாஸ், போத்தல், பீஸ், ஷீற் என்று வருவதெல்லாம் இந்தப் பிளாதான். ஒரு மணித்தியாலத்தில் முடிந்த பாடம். பட்டியலோடு மூன்று நாள் போராடியிருந்தாள்.

எல்லாம் இப்படி வடிவாகப் பொருந்தினால் நான் கடிதம் எழுதத் தேவையில்லை. பொருந்தாத இடங்கள் இருக்கின்றன, அங்கேதான் ஆசிரியரின் நேரம் செலவாக வேண்டும்.

அதே கூழுக்குள் பயத்தங்காய் போகிறது. எவ்வளவு பயத்தங்காய் என்றுதான் நாங்கள் கேட்போம், பிடியாகவோ கிலோவாகவோ வாங்குவதால். ஆங்கிலத்தில் அது 'மெனி பீன்ஸ்'. வெங்காயமும் அப்படி. எங்கள் சின்ன வெங்காயத்தை அந்தர் என்ற பழைய நிறைக் கணக்கில் விற்கிறவரும் எவ்வளவு வெங்காயம் என்றுதான் கேட்பார், ஆங்கிலத்துக்கு அது 'ஹவ் மெனி ஒனியன்ஸ்'. பயறும் கடலையும்கூட அங்கே எண்ணுகிற சாமான், அரிசி மட்டும் எண்ணாத சாமான். ஏன் என்று கேட்டால் பெரிய நியாயம் ஒன்றும் கிடையாது. கோதுமை 'வீற்' ஒருமை, ஓட்ஸ் பன்மை, இரண்டும் தானியம்தான். இதைவிடப் பகிடி பட்டாணியின் கதை. ஆங்கிலத்தில் முன்பு 'பீஸ்' (pease) என்பது அரிசி மாதிரி மொத்தச் சொல்லாக இருந்தது. கடைசியில் வரும் 'ஸ்' ஒலியைக் கேட்ட சனம், அது பன்மை விகுதி என்று நினைத்து அதைக் கழற்றி 'பீ' (pea) என்று புது ஒருமை ஒன்றை உண்டாக்கிவிட்டது. ஆங்கிலேயரே குழம்பிய இடம், எங்கள் பிள்ளை குழம்பினால் குட்டத் தேவையில்லை.

விலை கேட்கும்போது இன்னொரு சிக்கல். சந்தைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் காட்டி 'ஹவ் மச் ஆர் தீஸ் மேங்கோஸ்' என்பார். பன்மைக்குப் பக்கத்தில் 'மச்' வரவே வராது என்று பாடமாக்கிய பிள்ளை அதைக் கேட்டால் வெள்ளைக்காரனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைக்கும். அங்கே 'மச்' ஒட்டி நிற்பது மாம்பழத்தோடு இல்லை, வாய்விட்டுச் சொல்லாமல் விட்ட காசோடு.

'மெனி' சரியாகப் போட்டுவிட்டுப் பக்கத்தில் 'மேங்கோ' என்று ஒருமையில் எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. அதற்கும் காரணம் தமிழ்தான். பத்து மாம்பழம், நாலு மாடு என்றால் எங்களுக்குப் போதும், 'கள்' கட்டாயம் இல்லை. மாடு வந்தது, மாடு வந்தன என்று வினையைப் பார்த்துத்தான் எண்ணிக்கையை அறிகிறோம், இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் பெயரே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை.

அப்புறம், உண்மையிலேயே தலையிடி தருகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. தமிழில் எண்ணுவோம், ஆங்கிலத்தில் எண்ணக்கூடாது. தகவல்கள், புத்திமதிகள், தளபாடங்கள், உபகரணங்கள், ஆதாரங்கள், பயணப் பொதிகள், நகைகள். எல்லாவற்றுக்கும் 'கள்' போட்டுப் பழகிய எங்களுக்கு 'இன்ஃபோமேசன்ஸ்', 'அட்வைசஸ்', 'எக்யூப்மன்ற்ஸ்' என்றுதான் கை போகும். காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியால் ஒரு தரம் போய் வந்தால் 'ஃபேர்னிச்சர்ஸ்' பலகை கண்ணில் படாமல் இராது. எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. பிரெஞ்சுக்காரர் தகவலையும் தளபாடத்தையும் பன்மையில்தான் சொல்கிறார்கள், எங்களைப் போல ஆங்கிலம் படித்த எத்தனையோ நாடுகளிலும் இந்த 'ஸ்' ஒட்டிக்கொள்கிறது, கதிரை வாங்கப் போகிறவர் அதைப் பார்த்துத் திரும்பிப் போகப்போவதும் இல்லை. ஆனால் விடைத்தாளில் அது புள்ளி. அதனால் இந்தக் கூட்டத்தைத் தனியாக எடுத்துப் படிப்பிக்க வேண்டும், அரிசி, சீனி, தண்ணீரோடு கலந்து நீளப் பட்டியலாகக் கொடுக்கக்கூடாது. அரிசிக்கும் தண்ணீருக்கும் பாடமாக்கல் தேவையே இல்லை, அது பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

செய்தி என்ற சொல்லையே எடுங்கள். நீங்கள் நாள்தோறும் செய்திகள் அச்சடிக்கிறீர்கள், 'நியூஸ்' என்ற சொல்லின் வாலிலும் 'ஸ்' இருக்கிறது, ஆனால் 'நியூஸ் ஆர்' என்று எழுதினால் பிழை, 'நியூஸ் இஸ்' என்றுதான் எழுத வேண்டும். ஒரு செய்தி என்று சொல்ல 'அ பீஸ் ஒஃப் நியூஸ்'. பேப்பர் இன்னும் விசேஷம். என் கடையில் வெறும் தாளாக அடுக்கியிருக்கும்போது அது எண்ணாத சாமான், 'ஹவ் மச் பேப்பர்', தாளாக எண்ண 'ஷீற்' வேண்டும். அதிலே நீங்கள் அச்சடித்துவிட்டால் எண்ணலாம், 'ரூ பேப்பர்ஸ்' என்றால் இரண்டு பத்திரிகை அல்லது இரண்டு வினாத்தாள். புத்திமதி மட்டும் ஆங்கிலத்தில் எண்ண முடியாததாக இருப்பது சரியென்றே எனக்குப் படுகிறது. என் அப்பா எனக்குச் சொன்னதை எண்ணப் போனால் முடியாது.

பாணையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாம். 'ரூ பிறெட்ஸ்' என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள், நாங்கள் கடையில் "ரெண்டு பாண் தாங்கோ" என்று கேட்பதன் நேர் பெயர்ப்பு அது. ஆனால் அதே கடையில் "ரெண்டு றாத்தல் பாண்" என்றும் கேட்கிறோம் இல்லையா? 450 கிராம் பாணுக்கு இன்னும் றாத்தல் என்ற பழைய நிறையின் பெயர்தான் வாயில் வருகிறது. அந்த றாத்தல் இருக்கும் இடத்தில் 'லோஃப்' என்று வையுங்கள், 'ரூ லோவ்ஸ் ஒஃப் பிறெட்' தானாக வந்துவிடும். பாண் போர்த்துக்கேயரோடு வந்த சொல், அதை ஆங்கிலம் படிப்பிக்கவும் பாவிப்போமே.

இனி நான் முக்கியமாக எழுத நினைத்த இடம். 'ஃபியூ' வேறு, 'அ ஃபியூ' வேறு. 'லிற்றில்' வேறு, 'அ லிற்றில்' வேறு. அந்த ஒற்றை 'அ' விழுந்தால் என்ன நடக்கும் என்பதை என் கடையிலேயே பார்த்தேன்.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். கொழும்பில் ஒரு வேலைக்கு விண்ணப்பக் கடிதம், தானே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், பிறின்ற் எடுத்தால் சரி. நல்ல கடிதம். மூன்றாவது பந்தியில் கண் நின்றது. 'ஐ ஹாவ் லிற்றில் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுண்ட்ஸ்.'

"தம்பி, உமக்குக் கணக்கு வேலையில அனுபவம் இருக்கோ, இல்லையோ?"

"இருக்கண்ணை. ரெண்டு வருசம் ஒரு கடையில கணக்குப் பாத்தனான்."

"அப்ப ஏன் இல்லையெண்டு எழுதியிருக்கிறீர்?"

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார். பிழை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை, தெரியவும் நியாயம் இல்லை. 'கொஞ்சம் அனுபவம் இருக்கு' என்று பணிவாகத் தமிழில் நினைத்திருக்கிறார், 'கொஞ்சம்' என்றதுக்கு 'லிற்றில்' போட்டிருக்கிறார். ஆங்கிலக்காரன் காதில் அது 'அனுபவம் பெரிதாக ஒன்றும் கிடையாது' என்று விழும். வேலை தருகிறவர் அதற்கு மேல் வாசிப்பாரா? முன்னால் ஒரு 'அ' போட்டிருந்தால் அவர் நினைத்தது வந்திருக்கும். இரண்டு வருடம் என்றே எழுதுவது இன்னும் நல்லது என்று சொல்லி அப்படியே மாற்றி அடித்துக் கொடுத்தேன்.

மகளுக்கும் இது நடந்தது. பள்ளிக்கூடம் மாறிய புதிதில் கனடாவில் இருக்கும் தன் மச்சாளுக்கு 'ஐ ஹாவ் ஃபியூ ஃபிறெண்ட்ஸ் ஹியர்' என்று அனுப்பினாள், நாலைந்து பேர் சினேகிதமாகிவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில். அங்கிருந்து அழுகிற முகம் மூன்று வந்தது.

இதற்கும் தமிழில் அச்சொட்டான வழி இருக்கிறது. கொஞ்சப் பேர் வந்தார்கள், கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். முதலாவதில் வந்தவர்களைப் பார்க்கிறோம், இரண்டாவதில் வராதவர்களைப் பார்க்கிறோம். கொஞ்சக் காசு இருக்கு என்றால் தேத்தண்ணி குடிக்கலாம், கொஞ்சக் காசுதான் இருக்கு என்றால் கடன் கேட்கப் போகிறார். நாங்கள் ஒரு 'தான்' கூட்டிச் செய்கிற வேலையை ஆங்கிலம் ஒரு 'அ'வைக் கழித்துச் செய்கிறது. 'தான்' இல்லாவிட்டால் 'அ' வேண்டும், 'தான்' வந்தால் 'அ' வேண்டாம். மகளுக்கு இதை இரண்டு தரம் சொல்ல வேண்டி வரவில்லை. 'குவைற் அ ஃபியூ' என்றால் கனக்க என்று அர்த்தமாகிவிடுகிறதே என்று கேட்டாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதைப் பாடமாக்கத்தான் வேண்டும் என்றேன்.

குறைவு என்று சொல்ல 'லெஸ்' (less) போடுவதா, 'ஃபியூவர்' (fewer) போடுவதா என்ற சண்டையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். எண்ணுகிற சாமானுக்கு 'ஃபியூவர்' என்று சோதனைக்குப் படிக்கட்டும். ஆனால் அந்த விதியே 1770 இல் ரொபேட் பேக்கர் என்றொருவர் தன் சொந்த விருப்பமாகச் சொன்னது, பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். பிரித்தானியாவில் பத்துச் சாமானுக்கு மேற்படாமல் வாங்குபவர்களின் வரிசைக்கு மேலே 'லெஸ்' என்று எழுதியிருந்ததைச் சனம் குறை சொல்ல, 2008 இல் டெஸ்கோ கடைக்காரர் எந்தச் சொல்லும் வேண்டாம் என்று 'அப் ரூ ரென் ஐற்றம்ஸ்' என்று மாற்றிவிட்டார்கள். தூரம், காசு, நேரம் மூன்றுக்கும் எண் வந்தாலும் 'லெஸ்'தான். திருநெல்வேலியிலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு 'லெஸ் தான் (than) ஃபைவ் கிலோமீற்றர்ஸ்'. ஐந்து கிலோமீற்றரை நாங்கள் ஐந்து துண்டாகப் பார்ப்பதில்லை, ஒரே பாதையாகத்தான் பார்க்கிறோம்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை அந்தப் பெட்டிக்குள் விதியை எழுதும்போது முதல் வரியில் 'எத்தனை', 'எவ்வளவு' என்ற இரண்டு சொல்லையும் போடுங்கள். பட்டியலில் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகிற சொற்களை எடுத்துவிடுங்கள், முரண்படுகிறவற்றை மட்டும் விடுங்கள். கூழ் குடித்த அன்று மகள் தன் கொப்பியில் இதைச் செய்து பார்த்தாள். முப்பத்தெட்டில் மிஞ்சியது பதினொன்று: அட்வைஸ், இன்ஃபோமேசன், நியூஸ், ஃபேர்னிச்சர், எக்யூப்மன்ற், லகேஜ், ஹோம்வேர்க், ஜுவலறி, எவிடன்ஸ், பிறெட், ஸ்ரேஷனறி.

கடைசிச் சொல்லை எழுதிவிட்டு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கடை தொடங்கிய நாளிலிருந்து என் பலகையில் 'ஸ்ரேஷனறீஸ்' என்றுதான் இருக்கிறது. கடைசி மூன்று ஆங்கில எழுத்தை (ies) அழித்து ஓரெழுத்து (y) எழுத வேண்டும். நேற்றுப் பலகை எழுதுகிறவருக்குப் போன் எடுத்து எவ்வளவு என்று கேட்டேன். எத்தனை எழுத்து என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்காரன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.